சூடானால் நின்றுவிடும் வண்டி



போன மாதம் தஞ்சாவூர் கல்யாணத்துக்கு நான் முகூர்த்தம் முடிந்துதான் வந்து சேர்ந்தேன். "அந்தப் பத்மினியை எடைக்குப் போடுங்க மாமா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி, கார்புரேட்டர் இன்ஜின். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகும். கும்பகோணத்தில் கிளம்பி தாராசுரம், சுந்தரப்பெருமாள் கோயில் வரை ராஜா மாதிரி போகும். பாபநாசம் நெருங்கும்போது, ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடத்தில், இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். அரைமணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும்.

மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்தவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். மூன்றாமவர் இக்னிஷன் காயிலை மாற்றினார். பதினோராயிரம் ரூபாய் போனது. வண்டி அதே பாபநாசத்தில் நின்றது.

அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மூவரில் ஒருவர்கூட வண்டி நிற்கும்போது பக்கத்தில் இல்லை. ஷெட்டுக்கு வரும்போது இன்ஜின் ஆறியிருக்கும். பல் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுவது போலத்தான். சூட்டில் மட்டும் வருகிற கோளாறைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம். சூடானதும் இந்த மூன்றில் எதுவும் கைவிடலாம். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு வெறும் ஆவியை இழுக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் போகலாம். காயிலோ கண்டன்சரோ சூட்டில் படுத்துக்கொள்ளலாம். வால்வு இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் போகலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிற்கட்டும் என்றே தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பையில் ஒரு பழைய பிளக், ஸ்பேனர், ஈரத்துணி, புதுக் கண்டன்சர், ஒரு நோட்டு. பாபநாசத்தில் நின்றது. நிழல் தேடவில்லை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். காற்று இழுக்கும் சத்தம் இல்லை. ஸ்டார்ட் செய்தோம், பிடிக்கவில்லை. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் உள்ளே பார்த்துக்கொண்டே கையால் ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தேன். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. ஆக, பெட்ரோல் இருக்கிறது. ஈரத்துணிக்கு வேலை வரவில்லை. ஃபில்டரைத் திரும்ப மாட்டி மூடினேன். பெட்ரோல் ஆவி பக்கத்தில் தீப்பொறி சோதனை கூடாது, செய்து பார்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். பிறகு பழைய பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பைத் தொடும்படி வைத்து, பையனை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். நல்ல தீப்பொறி நீலமாக, படக் என்று சத்தத்தோடு வரும். இங்கே மஞ்சளாக, மெலிதாக ஒன்று வந்தது. பிறகு அதுவும் இல்லை.

காயில் புதியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயின்ட் முனை கருகியிருந்தது. கண்டன்சர் மேல் சந்தேகம் உறுதியானது. பாயின்ட்டைத் தேய்த்துவிடத் துடித்த கையைத் தடுத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும்? கண்டன்சரை மட்டும் மாற்றினேன். ஆறாத இன்ஜின், முதல் தடவையிலேயே பிடித்தது. தஞ்சாவூர் போய்த் திரும்பி வந்தோம். எங்கும் நிற்கவில்லை.

மறுநாள் பழைய கண்டன்சரைத் திரும்ப மாட்டி ஓட்டினேன். தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டான். பாபநாசத்தில் நின்றது. இப்போதுதான் எனக்கு நிரூபணம்.

வெட்கம் என்னவென்றால், கண்டன்சர் என்பது நான் 31 வருடம் கரும்பலகையில் படம் போட்ட மின்தேக்கிதான். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்" என்று ஆய்வகத்தில் உங்களிடம் கத்தியவன், ஷெட்டில் மட்டும் பர்ஸைத் திறந்து கொடுத்துவிட்டு நின்றேன்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கூடவே ஓட்டி வந்து, நின்ற இடத்தில் சோதித்துப் பார்க்கிற அரைநாளுக்கு நாம் கூலி தருவதில்லை. மாட்டிய பாகத்துக்குத்தான் தருகிறோம். பிறகு அவர் பாகத்தை மாட்டாமல் என்ன செய்வார்? கண்டுபிடிப்பதும் ஒரு வேலை, அதற்கும் காசு கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு பிளஸ் ஒன்னில் ஒரு பையன். முதல் இரண்டு பீரியடில் பளிச்சென்று பதில் சொல்வான். மத்தியானம் ஆனால் தலை தொங்கிவிடும். சோம்பேறி என்றேன். பெஞ்சு மாற்றினேன், நிற்க வைத்தேன், அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். பாகம் பாகமாக மாற்றினேனே தவிர, "ஏன்ப்பா தூங்குறே?" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று வந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், நான் அப்ப விடியக்காலை மூணு மணிக்கே மார்க்கெட்ல மூட்டை இறக்கப் போயிடுவேன்."

அவன் நிற்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனாலும் பார்க்கவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், அன்று சொல்ல வராத மன்னிப்பை இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் டாக்டர்கள் உண்டு, இன்ஜினியர்கள் உண்டு, என்னைப் போல வாத்தியார்களும் உண்டு. மருந்தை மாற்றும் முன், பாகத்தை மாற்றும் முன், பையனுக்குப் பெயர் வைக்கும் முன், கோளாறு வரும் நேரத்தில் ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பத்மினியை விற்பதா என்பது வேறு கேள்வி. பின் சீட்டில் பெல்ட் இல்லை, புகை அதிகம் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பேசுவோம். ஆனால் விற்றாலும், ஓடுகிற வண்டியாகத்தான் விற்பேன். அடுத்த கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு முன்பே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்