முதல் பணம் வைஸுக்கு

அக்கா மகன் போன மாதம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். கோவையில் அவன் புதிதாகக் குடிபோன வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. அவனிடம் கார் கிடையாது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட வேண்டும், செடி வைக்க இரும்பு ஸ்டாண்டு, புத்தக அலமாரி, வண்டியின் சில்லறை வேலை எல்லாம் தன் கையாலேயே பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. பட்டியலில் டிரில்லிங் மெஷின் இருந்தது. ஆங்கிள் கிரைண்டர், பலகை அறுக்கிற சர்குலர் சா, பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி வருகிற நூற்றுச் சொச்சம் உருப்படி டூல் செட், எல்லாம் இருந்தன. அறுக்க, துளைக்க, திருக என்று ஒவ்வொன்றுக்கும் சாமான் இருக்க, வேலைப்பொருளைப் பிடித்து வைக்க மட்டும் ஒன்றுமே இல்லை.

"வைஸ் எங்கடா?" என்று கேட்டேன்.

"அது அப்புறம் வாங்கிக்கலாம்னு இருக்கேன் சித்தி. இப்போதைக்குக் கையில இவ்வளவுதான் இருக்கு."

கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியதே வைஸ்தான். வீட்டுப் பட்டறை போடுகிறவர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுற்றுகிற மெஷின் கண்ணை இழுக்கும். அசையாமல் நிற்கிற ஒன்றுக்குப் பணம் கொடுக்க மனசு வராது. ஆனால் வேலை நேராக வருவதும் கோணலாகப் போவதும், விரல் பத்திரமாக இருப்பதும்கூட, அந்த அசையாத ஒன்றைப் பொறுத்துத்தான்.

என் அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர், அந்தத் தொழிலின் முதல் பாடமும் இதுதான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேருகிற பையன் தொடக்கத்தில் செய்வது வைஸ் முன்னால் நிற்பதுதான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரம் போட்டு, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, மறுபடி அரம் போட வேண்டும். ஆக்ஸா பிளேடால் கோட்டோடு ஒட்டி அறுக்கவும் அங்கேதான் பழகுகிறான். மெஷின் பக்கம் போவதெல்லாம் பிறகு. பொருள் ஆடிக்கொண்டிருந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது என்று தெரிந்துதான் அந்தப் பாடத்தை முதலில் வைத்திருக்கிறார்கள். வழுக்கியது தன் கையா, பொருளா என்று பையனுக்குத் தெரிய வேண்டுமே!

பிடிமானம் இல்லாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடுகிறீர்கள். துளை முடிகிற தறுவாயில் அடியில் இழை போல மிச்சமிருக்கும் இரும்பை பிட்டின் விளிம்பு வெட்டாமல் கவ்விக்கொள்ளும். உடனே தகடு பிட்டோடு சேர்ந்து சுழலும். அந்த நேரத்தில் அது தகடு இல்லை, கத்தி. டிரில் வேலைக்குக் கையுறை கூடாது என்பதும் இதற்காகத்தான். துணியின் ஒரு நூல் பிட்டில் மாட்டினால் போதும், கை பின்னாலேயே போகும். துப்பட்டாவுக்கும் தொளதொள முழுக்கைச் சட்டைக்கும் அதே கதிதான்.

கிரைண்டர் இன்னும் கொடியது. சாதாரண நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பைப்பை இரண்டு முனையிலும் செங்கல் மேல் வைத்து நடுவில் அறுத்தால், பாதி அறுபட்டதும் பைப் தன் கனத்தில் கீழே தொய்யும். வெட்டுவாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். மெஷின் நம் பக்கம் எகிறும், இல்லையென்றால் டிஸ்க் சிதறும். அதே பைப்பை வைஸில் ஒரு பக்கமாக இறுக்கி, வெட்டுப்படுகிற துண்டு வெளியே தொங்கும்படி வைத்தால் வெட்டுவாய் தானாகத் திறந்துகொண்டே போகும். ஆள், டிஸ்க், பைப் எதுவும் மாறவில்லை, பிடித்த விதம் மட்டும்தான் மாறியது.

ஆசாரிகள் காலாலேயே பிடித்துக்கொள்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். தரையில் உட்கார்ந்து, கட்டையைக் குதிகாலால் அழுத்தி, கால்விரலால் அணைத்து, கொட்டாப்புளியும் உளியுமாக அவர்கள் துளை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கால் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கால். உளி எந்தப் பக்கம் வழுக்கும் என்று அதற்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி பிடிக்கிற நமக்கு அந்தக் கால் இல்லை. அதைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

சரி, எப்படி வாங்குவது? வைஸின் அளவைத் தாடையின் அகலத்தை வைத்துச் சொல்வார்கள். வீட்டு வேலைக்கு நான்கு அங்குலம் தாராளம். இடமும் கனமான மேஜையும் இருந்தால் ஐந்து அங்குலம் வரை போகலாம். கடையில் பெட்டியைத் திறக்காமல் வாங்காதீர்கள். தாடை இரண்டையும் மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு முதலில் தொட்டு, இறுக்க இறுக்க முழுவதும் சேர்ந்தால் நல்லது. அடியில் தொட்டுக்கொண்டு மேலே இடைவெளி விடுகிற வைஸ் எதையும் ஒழுங்காகப் பிடிக்காது. பிறகு முன்தாடையைப் பாதி தூரம் வெளியே இழுத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். கடகடவென்று ஆடினால் வேண்டாம். தாடைத் தகடு ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பை விட எஸ்.ஜி. அயர்ன் என்று சொல்லி விற்பது விலை கூட, ஆனால் அடி தாங்கும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். அதனால் கைப்பிடியில் பைப்பை மாட்டி இறுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கைப்பிடியின் நீளம் மனிதக் கையின் பலத்துக்கு அளந்து வைத்தது. அடிப்பாகம் சுற்றுகிற மாடலும் உண்டு. வசதிதான், இருந்தாலும் நான் சுற்றாததையே சொல்வேன். பூட்டுகிற இடங்கள் குறையக் குறைய ஆட்டமும் குறையும்.

மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. மர ஸ்க்ரூ போட்டு நிறுத்தாமல், பலகையைத் துளைத்து போல்ட் நட்டு வாஷரோடு இறுக்க வேண்டும். மேஜையின் நடுவில் மாட்டினால் பலகை தம்பட்டம் மாதிரி அதிரும். காலுக்கு நேர்மேலே மாட்டினால் அடி நேராகத் தரைக்குப் போய்விடும். பின்தாடையின் முகம் மேஜை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். உயரம், நின்றபடி கையை மடக்கினால் முழங்கை வருகிற மட்டம். வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்று அக்கா மகன் கவலைப்பட்டான். எல் ஆங்கிளில் மேஜை அடித்து, கீழ்த்தட்டில் செங்கல் அடுக்கினால் போதும், நகராது. மரத்தையும் பித்தளையையும் பிடிக்கும்போது தாடையின் பல் பதியாமல் இருக்க இரண்டு அலுமினிய ஆங்கிள் துண்டுகளை வெட்டிப் போட்டுக்கொண்டால் ஆயிற்று.

வைஸுக்கு அடுத்தது கிளாம்ப். சி கிளாம்ப் இரண்டு, எஃப் கிளாம்ப் இரண்டு இருந்தால் தொடங்கலாம். பலகை ஒட்டுகிறவர்களுக்கு அது ஒருபோதும் போதாது, வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதன்பிறகு அளப்பவை. இஞ்சு டேப்பின் கொக்கி லேசாக ஆடும். கடையில் அதைப் பார்த்துப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படிதான் அதைச் செய்கிறார்கள். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கணக்குச் சரியாக வருவதற்கான ஏற்பாடு அது. மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேர் விளிம்புள்ள அட்டையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லையென்றால் மட்டம் பொய் சொல்கிறது.

ஸ்பேனருக்கு வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜலந்தரிலும் நாகௌரிலும் கைக்கருவி செய்வதே தொழிலாகக் கொண்ட ஊர்ப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. பஞ்சாபில் செய்கிற ஸ்பேனர் கடல் தாண்டிப் போகிறது. பாக்ஸ் ஸ்பேனரில் உள்ளே ஆறு மூலை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டுவதற்குச் சுலபம்தான், ஆனால் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு மில்லிமீட்டர் இருந்தால் இங்கே ஓடுகிற பெரும்பாலான இருசக்கர வண்டிகளின் அன்றாட வேலை முடிந்துவிடும். நூற்றுச் சொச்சம் பெட்டி எதற்கு? அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு குட்டிக் குட்டி பிட்டுகள்.

திருப்புளியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ ஸ்க்ரூ பிழைக்கும். நாம் நட்சத்திரத் திருப்புளி என்று வாங்குவது பெரும்பாலும் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் வந்த வண்டிகளின் ஸ்க்ரூ தலை அதைப் போலவே தோன்றும், ஆனால் அளவு வேறு. சில தலைகளில் அதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை இந்தத் தலையின் அடிவரை இறங்காது, பாதியில் நின்று, அழுத்தித் திருகும்போது மேலே ஏறி வழுக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவின் தலை மொட்டையாவது பல நேரம் இதனால்தான், கைப்பலம் போதாததால் அல்ல. அந்த ஜப்பானிய அளவுக்கான ஜே.ஐ.எஸ். முனை என்று கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள். சாதாரண பிலிப்ஸ் தலையிலும் அது நன்றாகவே உட்காரும்.

மர வேலைக்கு உளி வாங்கினால் சாணைக்கல்லையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள். புது உளி கடையிலிருந்து வரும்போது வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. தட்டையான பின்முகத்தை முதலில் கல்லில் தேய்த்துக் கண்ணாடி போலாக்கி, பிறகு சாய்வு முகத்தைத் தீட்ட வேண்டும். தடவித் தடவி வெட்டுகிற மொட்டை உளிக்கு அதிக பலம் கொடுக்கிறோம், அதனால்தான் அது வழுக்கி இடது கையில் ஏறுகிறது. கார்போரண்டம் கல் விலை அதிகமில்லை. 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் உண்டாக்கிய அந்தச் சிலிக்கன் கார்பைடை வைத்து, 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி நம் திருவொற்றியூரில் சாணை செய்துவருகிறது. ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் மென்மையாக இருக்கிற ஒரே கல் போதும்.

இதற்கெல்லாம் பிறகு மிஞ்சுகிற பணத்தில் டிரில்லிங் மெஷின். பேட்டரியில் ஓடுவது வேண்டுமானால் மெஷினுக்கு முன்னால் பேட்டரியைப் பற்றி யோசியுங்கள். பொதுவாக ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் மாட்டாது, அடுத்தடுத்து வாங்குவது எல்லாம் அந்தக் குடும்பத்திலேயே போகும். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இரண்டு விதமாக விற்பதில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஐந்து செல் கோத்த அதே பேட்டரிதான். முழுதாக ஏற்றியவுடன் அளந்தால் 20, வேலை செய்யும்போது 18. கிரைண்டர் கடைசியில் வரட்டும். வாங்கும்போது டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றாமல் வேலை செய்வதாக மனசுக்குள் முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். நல்ல டிஸ்க்கின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். ஈரத்தில் கிடந்த டிஸ்க்கில் பசை தளர்ந்திருக்கும். மரம் அறுக்கிற பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டும் வழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. அதை யார் வீட்டில் பார்த்தாலும் நான் தடுப்பேன். கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. ஷெட்டுக்கு வருகிற லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் இந்தச் செலவோடு சேர்ந்ததுதான்.

அவனை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு அழைத்துப் போனேன். கோவையில் மூடுகிற பட்டறைகளின் சாமான் அங்கே வந்து சேரும். புழுதிக்கு அடியில் பச்சை பெயின்ட் உரிந்த நான்கு அங்குல வைஸ் ஒன்று கிடந்தது. "அக்கா, அது ரொம்பப் பழசுங்க, புதுசு எடுத்துத் தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். தாடையில் பல் தேய்ந்திருந்தது. அது தகடு மாற்றினால் சரியாகிவிடும். உடலில் வெல்டிங் வைத்த தழும்பு எங்கும் இல்லை, அதைத்தான் நான் முதலில் தேடினேன். உடைந்து ஒட்டிய வார்ப்பிரும்பு மறுபடி அதே இடத்தில் உடையும். முன்தாடையை முழுக்கக் கழற்றி ஸ்க்ரூவின் மரையைப் பார்த்தோம். எப்போதும் இறுகி நிற்கிற நடுப்பகுதியில் மரை கத்தி மாதிரி கூர்த்துப் போயிருந்தால் கீழே வைத்துவிட்டு வந்திருப்பேன். இதில் தட்டையாக, தடிப்பாக இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, மரைக்குக் கிரீஸ் தடவி, மேஜைக் காலுக்கு மேலே மாட்டியாயிற்று. மிச்சமான பணத்துக்கு இப்போதே கிரைண்டர் வாங்கிவிடலாமா என்று கேட்கிறான். அரமும் ஆக்ஸா பிளேடும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கனமான பட்டைக்கு அங்குலத்துக்குப் பதினெட்டுப் பல், மெல்லிய பைப்புக்கு முப்பத்திரண்டு பல். எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும், பல் முன்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும். செடி ஸ்டாண்டுக்கு வேண்டிய எட்டுத் துண்டையும் முதலில் அதிலேயே அறுக்கட்டும்.