பன்னெண்டு புளியங்கொட்டை

கடலைக்குக் களை எடுத்து முடிஞ்சாச்சு. ரெண்டு நாளா கைக்குக் கொஞ்சம் ஓய்வு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சதை இன்னைக்கு எழுதிடுறேன்.

எங்க ஊரு புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல அறிவொளி இயக்கம் வந்தப்ப எனக்கு இருபத்தொரு வயசு. பன்னெண்டாவது முடிச்சிட்டு அப்பாவோட வயல்ல கிடந்தவனைப் பிடிச்சுத் தொண்டர் ஆக்கிட்டாங்க. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல எழுத்து சொல்லிக் கொடுத்தேன். எங்க மாவட்டத்துப் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்ட கதையை நீங்களும் படிச்சிருப்பீங்க, அது அந்தச் சமயந்தான். கைநாட்டு வச்சவங்க கையெழுத்துப் போட்டாங்க. பெருமையா இருந்துச்சு. இப்ப ஒண்ணு உறுத்துது. அன்னைக்குக் கத்துக்கிட்ட கையெழுத்தைத்தான் இன்னைக்கு வாசலுக்கே வந்து கடன் தாள்ல வாங்கிட்டுப் போறாங்க. கணக்கை நாங்க ஒழுங்கா சொல்லிக் கொடுக்கல.

இப்பவும் சாயங்கால வகுப்பு நடக்குது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு பேரு, பதினஞ்சு வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு. பழைய பழக்கத்துல நானும் போய் உக்காந்தேன். முதல் நாளு ஏழாம் வாய்ப்பாடு எழுதிப் போட்டேன். பாதிப் பேருக்குக் கொட்டாவி. சந்தையில காய் விக்கிற அக்கா ஒருத்தங்க, "ஏன் தம்பி, பச்சப் புள்ளைங்களுக்குச் சொல்றதை எங்களுக்குச் சொல்ற?"ன்னாங்க.

சரி பாப்போம்னு, "கத்திரிக்கா 27 கிலோ, கிலோ 38 ரூவா, எவ்வளவு?"ன்னு கேட்டேன். நான் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் தேடுறதுக்குள்ள, "நாப்பதுன்னு வச்சா ஆயிரத்து எம்பது. கிலோவுக்கு ரெண்டு ரூவா கழி, அம்பத்தி நாலு போச்சு. ஆயிரத்து இருவத்தாறு"ன்னுட்டாங்க. அதையே கரும்பலகையில எழுதச் சொன்னா அந்த அக்காவுக்கு வராது. வந்து உக்காந்தவங்க ஒவ்வொருத்தர் மண்டையிலயும் ஒரு கணக்கு ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு. நாம அதைக் கண்டுக்காம சைபர்ல இருந்து ஆரம்பிக்கிறோம்.

மறுநாள் வாய்ப்பாட்டை விட்டுட்டு, "உங்களுக்கு என்ன கணக்கு வேணும்?"னு கேட்டேன். அதே அக்கா கடன் அட்டையை எடுத்துப் போட்டாங்க. பன்னெண்டாயிரம் கடன், பன்னெண்டு மாசம், நூத்துக்கு மாசம் ஒரு ரூவா வட்டி. மாசம் 1,120 கட்டணும். "ஆறு மாசம் கட்டிட்டேன். பாதி அசல் போயிருச்சு. அப்புறமும் எதுக்கு முழுப் பன்னெண்டாயிரத்துக்கும் வட்டி புடிக்கிறான்?"

எனக்குப் பதில் வரல. மூணு வருசம் முன்னாடி மோட்டாருக்கு நானும் இதே மாதிரிக் கடன்தான் வாங்கினேன், இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. பன்னெண்டாவது படிச்சவன் லட்சணம்!

"பேசினது அப்படி, கட்டித்தான் ஆகணும்"னு ஒருத்தர். "வட்டிக்கடைக்காரரு ரெண்டு வட்டி வாங்குறாரு, இது ஒண்ணுதானே"ன்னு இன்னொருத்தர். "தாள்ல 12 சதவீதம்னு போட்டிருக்கே, ரெண்டை விடப் பன்னெண்டு பெருசுல்ல?"ன்னு ஒரு பொண்ணு. ஒண்ணு வருசக் கணக்கு, ஒண்ணு மாசக் கணக்குன்னு அவங்களே பேசிப் பிரிக்க அரை மணி நேரம் ஆச்சு. நான் வாயைத் திறக்கல. அதுதான் அன்னைக்கு நான் செஞ்ச உருப்படியான வேலை.

அப்புறம் புளியங்கொட்டை கொண்டாந்தோம். ஒரு கொட்டை ஆயிரம் ரூவா அசல், அதுக்கு மாசம் பத்து ரூவா வட்டி. முதல் மாசம் பன்னெண்டு கொட்டை. மாசா மாசம் ஒண்ணை எடுத்துரு, மிச்சத்தை எண்ணு. 12, 11, 10ன்னு ஒண்ணு வரைக்கும் கூட்டினா 78. அதாவது 780 ரூவா வட்டி. கடன்காரன் கொட்டையை எடுக்காமலே பன்னெண்டு மாசமும் பன்னெண்டுன்னு எண்ணுறான். 144. அதாவது 1,440 ரூவா. ஒரு ரூவா வட்டின்னு சொன்னது உண்மையில ஒண்ணே முக்காலுக்கும் மேல. வகுப்பே கொஞ்ச நேரம் பேசல.

இதுக்கப்புறந்தான் போன் வந்துச்சு. காலேஜ் படிக்கிற ஒரு பையன் இதையே போன்ல எக்செல் கட்டமா போட்டுக் கொடுத்தான். மாசத்தை 24ன்னு மாத்தி, கடனையும் 24,000 ஆக்கினா, 300 கொட்டைக்குப் பதிலா 576. கிட்டத்தட்ட ரெட்டிப்பு. மாசம் கூடக் கூட ஏமாத்தும் கூடுதுன்னு எழுதத் தெரியாதவங்க கண்டுபிடிச்சாங்க. 24 மாசத்துக்குக் கொட்டை பரப்பி எண்ணிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும், அங்க போன் உதவுது.

பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் சிலர், "ஒரு ஆப் போதும், வீடியோ அனுப்பிடலாம்"னு சொல்றீங்க. கோவிச்சுக்காதீங்க. சதவீதம் பத்தி நல்ல வீடியோ ஒண்ணு எங்க குரூப்புல வந்துச்சு. எல்லாரும் கும்பிடு படம் போட்டாங்க, ஒருத்தருக்கும் புரியல. அதுல அவங்க கேள்வி இல்ல. முதல்ல சண்டை போடட்டும், அப்புறம் எண்ணட்டும், கடைசியா போனைக் கொடுங்க. வரிசையை மாத்தினா போன் சொன்ன நம்பரைக் கையில வச்சுக்கிட்டு முழிக்க வேண்டியதுதான்.

ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்ட நிறுவனம்னா, இந்த மாதிரிச் சின்னக் கடனுக்கு முழு வருச வட்டி எவ்வளவுன்னு வாங்குறவங்களுக்குப் புரியிற மொழியில தாள்ல எழுதிக் கொடுக்கணும். 2022-ல வந்த விதி. அதை அக்காகிட்ட சொன்னேன். வசூலுக்கு வந்த பையன்கிட்ட அந்தத் தாளைக் கேட்டிருக்காங்க. "ஆபீஸ்ல கேட்டு எடுத்துட்டு வர்றேன்கா"ன்னு போயிருக்கான். வியாழக்கிழமை மறுபடி வருவான். அக்கா முந்தானையில பன்னெண்டு புளியங்கொட்டை முடிஞ்சு வச்சிருக்காங்க.