மலை ஏறும் ஜீப்புக்கு கம்ப்யூட்டர் ட்யூனிங்: டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: "ஏற்காடு நாகலூர் பக்கம் 4 ஏக்கரில் காபி, மிளகு, ஆரஞ்சு வைத்திருக்கிறோம். மகசூலைச் சேலத்துக்குக் கொண்டுபோகவும், உரம் ஏற்றி வரவும் டர்போ டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. இப்போது முன்பு போல இழுக்கவில்லை. டீசலும் அதிகம் குடிக்கிறது. 'இன்ஜின் கம்ப்யூட்டரை ட்யூனிங் செய்தால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும், 25 ஆயிரம் ரூபாய் ஆகும்' என்கிறார் ஒரு மெக்கானிக். நகையை அடகு வைத்தாவது செய்யலாம் என்று வீட்டில் பேச்சு. செய்யலாமா?"
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: 'முன்பு போல இழுக்கவில்லை' என்ற வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி இழுவை குறைந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு காரணமாக இருக்காது. வண்டியில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ட்யூனிங் செய்வது, வேர் அழுகிய மிளகுக்கொடிக்கு யூரியா வைப்பது போன்றது. அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

பழைய ஜீப்புகளில் டீசல் பம்ப்பில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் டீசல் கூடும், குறையும். இன்றைய 'காமன் ரயில்' இன்ஜின்களில் அந்த வேலையை ஈ.சி.யூ. என்ற சிறிய கம்ப்யூட்டர் பார்க்கிறது. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணையாக இருக்கிறது. அந்த அட்டவணையை அழித்து வேறொன்றை ஏற்றுவதுதான் ட்யூனிங்.

இதில் இழுவை கூடும் என்பது பொய்யில்லை. ஒரே இன்ஜினை வண்டிக் கம்பெனிகளே இரண்டு விதமாக அமைத்து விற்கின்றன. ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், விலை குறைந்த மாடலில் 132 குதிரைத்திறனும், மற்ற மாடல்களில் 175 குதிரைத்திறனும் தருகிறது. ஆனால் கம்பெனி திறனைக் கூட்டும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், குளிர்விப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துவிட்டுத்தான் விற்கிறது. வெளியில் செய்யும் ட்யூனிங்கில் அட்டவணை மட்டும் மாறும். இரும்பு பழையதாகவே இருக்கும்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவிகிதம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது. அது அளவுக்கு மீறிச் சுற்றிக் கெடாமல் இருக்கத்தான் கம்பெனி அட்டவணையில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறது. ட்யூனிங் செய்பவர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். சமவெளி வண்டி தாங்குவதை, பாரம் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் வண்டி தாங்கும் என்று சொல்ல முடியாது. முதலில் கிளட்ச் வழுக்கும், பிறகு டர்போ போகும். டர்போ மாற்றும் செலவு, மிச்சம் பிடித்த டீசலையெல்லாம் விழுங்கிவிடும்.

டீசல் எங்கே போகிறது?

வண்டியும் பாரமும் சேர்த்து 2 டன் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டர் உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 2 லிட்டர் டீசல் தேவை. சாலை உராய்வு, வளைவில் பிரேக் பிடித்து மறுபடி எடுப்பது எல்லாம் இதற்கு மேல். எந்த ட்யூனிங்கும் மலையின் உயரத்தைக் குறைக்காது. இன்ஜின் டீசலை எரிக்கும் விதத்தில் சிறிதளவு லாபம் கிடைக்கலாம். அதுவும் ஓட்டுபவர் நிதானமாக மிதித்தால்தான். கூடுதல் இழுவை கிடைத்ததும் கால் தானாக அழுத்தும். அப்போது டீசல் கூடத்தான் செலவாகும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. வண்டியில் 100 கிலோ குறைந்தால், ஒவ்வொரு முறை மலை ஏறும்போதும் சுமார் 100 மில்லி டீசல் மிச்சம். மாதக்கணக்கில் பின்னால் கிடக்கும் பழைய இரும்பு, தேவையில்லாத சங்கிலி, காலி டிரம் ஆகியவற்றை இறக்கி வைக்கக் காசு ஆகாது.

பணக்கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது. ட்யூனிங்குக்குப் பிறகு 13 ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 6.4 லிட்டர் மிச்சம். லிட்டர் 93 ரூபாய் என்றால், ஏறக்குறைய 600 ரூபாய். 25 ஆயிரம் திரும்பி வர மூன்றரை வருடம் ஆகும். அடகு வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் ஒரு கிளட்ச் மாற்ற நேர்ந்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் போடுவது போல, வண்டியையும் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்கள் தெரியும். அதன் பிறகு கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

1. ஏர் ஃபில்டர்: தோட்டத்துச் செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

2. டர்போ குழாய்: டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாயில் சிறு கீறல் இருந்தாலும் காற்று கசியும், இழுவை விழும், கரும்புகை வரும். குழாயை மாற்றினாலே பல வண்டிகள் பழையபடி இழுக்கும்.

3. டீசல் ஃபில்டர்: பனியும் ஈரமும் உள்ள இடத்தில், கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணீர் சேரும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

4. டயர் காற்றும் பிரேக்கும்: காற்று குறைந்தாலோ, பிரேக் பிடித்தபடி ஓடினாலோ டீசல் வீணாகும். சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் பிடிப்பது தெரிந்துவிடும்.

5. புகை வடிகட்டி: 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான டீசல் வண்டிகளில், கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வண்டி சீரான வேகத்தில் ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தோட்டத்துக்குள்ளேயே சின்ன கியரில் ஊர்ந்துகொண்டிருந்தால் கரி சேர்ந்து, கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். விளக்கு எரிந்தால், வண்டியின் கையேட்டில் சொன்னபடி, சேலம் பக்கம் சமதளச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வர வேண்டும். இதைப் பழுது என்று நினைத்துத்தான் பலர் ட்யூனிங் கடைக்குப் போகிறார்கள்.

இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம்

மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது கம்ப்யூட்டர் வண்டிக்குப் பொருந்தாது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஈ.சி.யூ. டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். அதோடு இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குவது காசுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு ட்யூனிங் செய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. வாரன்டி இருந்தால் அது போய்விடும். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

புகை விஷயத்தில் கம்ப்யூட்டர் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2015-ல் உலகமே பார்த்தது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக்காட்டும்படி ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் மென்பொருள் வைத்திருந்தது வெளிவந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள் அதில் சிக்கின. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

டிராக்டருக்கு?

50 குதிரைத்திறனுக்கு உட்பட்ட டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்னும் பம்ப் வைத்தவைதான். அவற்றில் ட்யூனிங் செய்யக் கம்ப்யூட்டரே கிடையாது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்குப் புதிய புகை விதி வந்திருப்பதால், அவற்றில் ஈ.சி.யூ. உண்டு. அவற்றுக்கும் மேலே சொன்னதுதான் பதில்.

மைலேஜை அறிய, டேங்கை முழுதாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறை முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்க வேண்டும். மூன்று முறை எழுதி வைத்தால் போதும். மேலே சொன்ன ஐந்தையும் சரிசெய்வதற்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.