விரலியை ஒடிச்சுப் பாருங்க!

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போயிருக்கிறீர்களா? பாலிஷ் போட்டு தகதகவென்று கொட்டி வைத்திருப்பார்கள். வாங்க வந்த வியாபாரி அந்தப் பளபளப்பில் மயங்குவாரா? மூச்! ஒரு விரலியை எடுப்பார், படக்கென்று ஒடிப்பார், உள்ளே நிறம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை பேச்சு.

மனசையும் அப்படி ஒடித்துப் பார்க்கச் சொல்கிறது பைபிள். திருவிருந்தில் அப்பத்தையும் ரசத்தையும் தொடுவதற்கு முன்னால் உன்னை நீயே சோதித்துக்கொள் என்று கொரிந்து சபைக்கு பவுல் கடிதம் எழுதினார்.

நம்ம ஆட்கள் சோதிக்கிற அழகு இருக்கிறதே! லெந்து நாற்பது நாளும் கறி கிடையாது, சினிமா கிடையாது. சிலர் காபியைக்கூட விட்டுவிடுகிறார்கள். (காபி இல்லாத எரிச்சலெல்லாம் வீட்டுக்காரம்மா தலையில் விடிகிறது. பாவம், அந்த அம்மாவுக்கு எண்பது நாள் தவசு!) பொய் இத்தனை, கோபம் இத்தனை என்று பால் கணக்கு மாதிரி எழுதிக் கழித்துவிட்டு, ஈஸ்டர் அன்றைக்கு பிரியாணி. கணக்கு நேர்!

ஆனால் பவுல் எதற்காக அப்படி எழுதினார் தெரியுமா? கொரிந்துவில் வசதியானவர்கள் முன்னாடியே வந்து மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டார்கள். ஏழைகள் பசியோடு நின்றார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே இந்தக் கூத்து. அவர் சோதிக்கச் சொன்னது காபியை இல்லைங்க, பக்கத்து இலையை.

சொந்த விரலியை ஒடிக்க யாருக்கும் கை வராது. அடுத்தவர்தான் ஒடிக்க வேண்டியிருக்கிறது. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில், திருச்செந்தூர் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ். அசரியா எழுந்தார். எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். சமமாக உட்கார வைத்து நட்பை மட்டும் கொடுக்கவில்லையே என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தார். சிலருக்குச் சுருக்கென்று கோபம். வராதா பின்னே? கடல் தாண்டி வந்து தொண்டு செய்தவரிடம், 'உள்ளே நிறம் மட்டம்' என்றால்?

கோபித்துக்கொள்ளாமல் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் நம்ம ஈரோட்டில் இருந்தார். ப்ரப் ரோடு எல்லோருக்கும் தெரியும். மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர் மாறியும், ஆட்டோக்காரருக்கு அது ப்ரப் ரோடுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி ப்ரப்பின் பெயர். அதே ஈரோட்டில் லண்டன் மிஷனில் இருந்த எச்.ஏ. பாப்லியை எத்தனை பேருக்குத் தெரியும்? போதிக்க வந்த மனுஷர், நம்மிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். தமிழ்க் கீர்த்தனை பாடியே பிரசங்கம் செய்தார். இந்திய சங்கீதம் பற்றி 1921-ல் புத்தகம் போட்டார். 1931-ல் திருக்குறளைத் தேர்ந்தெடுத்து இங்கிலீஷில் தந்தார். குரு ஸ்தானத்தில் வந்தவர் சிஷ்யப் பலகையில் உட்காருவது லேசான காரியமா? பக்குவம் என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

1919-ல் அசரியா தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் கூட்டினார். ஆளுக்கொரு மிஷனாகப் பிரிந்து கிடப்பது போதும், ஒன்றாவோம் என்று 33 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இந்தியரல்லாதவர் இரண்டே பேர், ஒருவர் பாப்லி. பேசிப் பேசி 28 வருஷம் ஓடி, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945-லேயே போய்விட்டார்.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று சீமையிலிருந்து வந்த பிரிவுகள் ஒன்றாகிவிட்டன. ரொம்ப சந்தோஷம். நம்ம ஊரிலேயே முளைத்த பிரிவு?

அதற்குப் பிரசங்கம் கேட்க வேண்டாம். 'மணமகள் தேவை' பக்கத்தைப் புரட்டினால் போதும். முதல் வரியில் 'தேவபக்தியுள்ள' என்று இருக்கும். இரண்டாம் வரியில் 'இரட்சிக்கப்பட்ட'. மூன்றாவது வரியில், கொஞ்சம் பொடி எழுத்தில், சாதி!