பரீக்ஷைச் சட்டமும் சுதேசித் தொழிலும்

இந்திய மந்திரி சபையார் 2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 28-ந் தேதியன்று, மின்னணு உறுப்புகளின் உற்பத்திக்காக ரூ. 22,919 கோடி செலவில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தனர். அடுத்த மாதமே தமிழ்நாட்டு சர்க்காரும் தம் பங்குக்கு ஒரு திட்டத்தை வெளியிட்டனர். இரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் இவற்றைப் பற்றிப் பேசுவோர் சர்க்கியூட் பலகையைப் பற்றியே பேசுகின்றனர். அப்பலகையைப் பரீக்ஷிக்கும்போது பிடித்து நிறுத்திக் குளிர்விக்கும் சட்டத்தைப் பற்றி வாய் திறப்போரைக் காணோம். சட்டம் என்றவுடன் சட்டசபையில் நிறைவேறுவதென்று நேயர்கள் எண்ணவேண்டாம். பட்டறைகளில் ஜிக் என்றும் பிக்ஸ்சர் என்றும் வழங்குவதையே குறிக்கிறோம்.

அதன் வேலை அற்பமானதன்று. உறுப்புகள் பற்றவைக்கப்பட்ட பலகை, பெட்டிக்குள் அடைபடுமுன் மின்சாரம் ஏற்றிச் சோதிக்கப்படுகிறது. கீழிருந்து வில் வைத்த ஊசிகள் எழும்பி அதன் செம்புப் புள்ளிகளைத் தொடுகின்றன. ஓர் ஊசி சுமார் 200 கிராம் அழுத்துமாயின், ஆயிரம் ஊசிகள் 200 கிலோ அழுத்தும். பலகையின் கனமோ பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர்தான். மேலிருந்து தாங்கும் தூண்கள் உரிய இடத்தில் அமையாவிடில் பலகை வளையும். செராமிக் கெபாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சிப்பின் அடியிலுள்ள பற்றுமணிகள் விரிசலுறும். அப்படிப்பட்ட பலகை அன்றைய பரீக்ஷையில் தேறிவிடவுங்கூடும். சில மாதங்கழித்து, வாங்கினவன் கையில் அது செத்துப்போகும். கெட்ட பெயரோ பலகை செய்தவனுக்கே.

உஷ்ணத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. முடிவில் சிப்பின் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடு, சோதனை வேளையில் பெரும்பாலும் பொருத்தப்பட்டிராது. சட்டமே அவ்வேலையைச் செய்யவேண்டும். வில்லின்மேல் மிதக்கும் உலோகக் கட்டையொன்று இறங்கி, மிருதுவான பட்டை வழியாகச் சிப்பின் முதுகைத் தொட, விசிறியோ குழாயில் ஓடும் நீரோ உஷ்ணத்தை அகற்றும். அலுமினியம் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உஷ்ணங் கடத்துவதாகையால், இடையில் தலைமயிரளவு காற்று நின்றாலும் குளிர்ச்சி கெடும். உஷ்ணம் ஏறிய சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நல்ல பலகை கெட்டதென ஒதுக்கப்படும். அளவுக்கு மீறிக் குளிர்வித்தாலோ, உஷ்ணத்தில்மட்டும் வெளிப்படும் குறை மறைந்துகொள்ளும்.

இத்தனை சிறிய சாமானை இறக்குமதி செய்துகொண்டால் என்ன என்று கேட்கும் கனவான்கள் உளர். பலகையின் அமைப்பு மாறினால் சட்டமும் மாறவேண்டும். அச்சட்டம் வந்து சேரும்வரையில், கோடிக்கணக்கில் மூலதனமிட்ட ஆலை கைகட்டி நிற்கும். 2025 ஜூலையில், பாக்ஸ்கான் கம்பெனியார் தம் இந்திய ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீன எஞ்சினீயர்களைத் திருப்பியழைத்ததாகச் செய்தி வந்ததே, அதை இக்கனவான்கள் படிக்கவில்லையா? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் தெருவில் நின்றதையும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். பிறர் வரைந்ததைப் பூட்டிக் கொடுப்பது கூலி. சட்டத்தை வரைந்து செய்வது தொழில்.

இதற்கு வேண்டிய கடைசல் யந்திரங்கள் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்திய சர்க்காரின் திட்டத்தில் உற்பத்திக் கருவிகளுக்கும் இடமுண்டு. ஆயினும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை அந்தப் பந்தியில் உட்காரமுடியுமா என்பதே நம் சந்தேகம். சர்க்கார் மானியம் பெறும் ஆலைகள் தம் பரீக்ஷைச் சட்டங்களில் ஒரு பங்கையாவது இந்நாட்டுப் பட்டறைகளிடம் வாங்கவேண்டுமென நிபந்தனை விதிக்கவேண்டும். ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, பலகையின் வரைபடத்தை உரிய காலத்தில் பட்டறைக்காரரிடம் கொடுக்கவும் வேண்டும். இவ்விரண்டும் புதிதாக ஒரு காசும் கேளாதவை; வர்த்தக மந்திரிகளும் தொழில் மந்திரிகளும் அடுத்த முறை ஆலை முதலாளிகளைச் சந்திக்கும்போதே பேசி முடிக்கத் தக்கவை.