வளையமாதேவி வீடியோ யாருக்குச் சொந்தம்? கேமரா தெரிந்தவர்களுக்குக் கணக்கு தெரியாத கதை

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு பக்கத்தில் இருக்கும் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெல் வயலுக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை அது. நிலம் பல வருஷத்துக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது என்எல்சி. சரியான இழப்பீடும் வேலையும் கிடைக்காமல் நிலத்தை எப்படி விடுவது என்று கேட்டார்கள் விவசாயிகள்.

பயிரோடு மண்ணைப் புரட்டிப் போட்ட அந்தக் காட்சி சில மணி நேரத்தில் தமிழ்நாட்டின் எல்லா போன்களுக்கும் போய்விட்டது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, பயிர் அழிக்கப்படுவதைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகச் சொன்னார் நீதிபதி எம்.தண்டபாணி. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொல்லி ஆகஸ்ட் தொடக்கத்தில் உத்தரவும் வந்தது.

ஆக, பயிருக்கு ஒரு விலை முடிவானது. அது போதுமா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பயிர் அழிந்ததை நாட்டுக்கே காட்டிய வீடியோக்களுக்கு என்ன விலை? அதற்கு யார் சொந்தக்காரர்? சேனலா, அனுப்பி வைத்தவரா, எடுத்தவரா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பல வருஷமாகக் கேமரா பிடிப்பவர்கள் நெய்வேலி, வடலூர், விருத்தாசலம் மட்டுமல்ல, எந்த மாவட்டத்திலும் கிடைப்பார்கள். சுயாதீனப் படைப்பாளிகளுக்குத் தொழில் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு தொடங்க வேண்டிய இடம் கான் விழா கிடையாது, இங்கேதான்.

மூணு செகண்டுக்கு 10 கோடி

இதை ஏன் இவ்வளவு பெரிசா பேசணும் என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2024 நவம்பரில் நயன்தாராவின் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் வெளியாகும் நேரத்தில், ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த மூன்று விநாடிக் காட்சிக்காகத் தன்னிடம் 10 கோடி ரூபாய் கேட்டு தனுஷ் தரப்பு நோட்டீஸ் அனுப்பியதாக நயன்தாரா வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அது தனிப்பட்ட போன்களில் எடுத்தது என்பது அவர் வாதம். படத்தின் தயாரிப்பாளர் என்ற முறையில் உரிமை தங்களுக்கே என்பது எதிர்த்தரப்பு வாதம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: மூன்று விநாடி வீடியோவும் ஒரு சொத்து, அதற்கு விலை கேட்க முடியும் என்பது பெரிய கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரியும்.

சட்டம் என்ன சொல்லுது?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐப் பொறுத்தவரை சினிமா, போன் வீடியோ என்ற வித்தியாசம் கிடையாது. இரண்டும் ‘திரைப்படம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வரும். அதை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர்தான் தயாரிப்பாளர். அவர்தான் முதல் உரிமையாளர். யாரும் காசு கொடுக்காமல், யாரும் அனுப்பாமல், தன் வயல் வரப்பில் நின்று ஒருவர் எடுத்த வீடியோ அவருடையதே. பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் தவறான நம்பிக்கை. எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடும்.

ஆனால் இதே ஆள் மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போய் வீடியோ எடுத்தால் கதை தலைகீழ். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்தவரே உரிமையாளர். 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்காமல் அந்தக் கல்யாண வீடியோவைத் தன் யூடியூபில் ‘சாம்பிள்’ என்று போடும் ஸ்டுடியோக்கள் எத்தனை! ஒரு கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தாலும் இதே விதிதான். “என் போர்ட்ஃபோலியோவில் இதைக் காட்டிக்கொள்வேன்” என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் பிரச்னை முடிந்தது. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் குறை.

சரி, வாட்ஸ்அப்பில் ஒரு சேனலுக்கு வீடியோவை அனுப்பினால் உரிமை கைமாறிவிடுமா? மாறாது. உரிமையை மாற்றிக் கொடுக்க, எழுத்தில், கையெழுத்தோடு ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு ஏதும் சொல்லாத நிலையில், உரிமை திரும்பி வந்துவிடும். இதெல்லாம் படைப்பாளிக்குச் சாதகமான விதிகள். அதனால்தான் பல ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரியைக் கவனமாகச் சேர்க்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் தேட வேண்டிய முதல் வரி அதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நடப்புச் செய்தியைச் சொல்வதற்காக ஒரு காட்சியை நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. “நீங்களே அனுப்பினீர்கள், அதுவே அனுமதிதானே” என்றும் வாதாடலாம். அன்றைய செய்தியில் காட்டியதற்குக் காசு கேட்பது கடினம். அதே காட்சி இரண்டு வருஷம் கழித்து ஓர் ஓடிடி ஆவணப்படத்தில் வந்தால் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கும். ஆனால் கேட்க, ஒரிஜினல் ஃபைல் கையில் இருக்கணும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் சுருங்கும், எங்கே எப்போது எடுத்தது என்ற தகவலும் போய்விடும். போனில் இடம் இல்லை என்று அழித்துவிட்டால் அதோடு சரி.

செய்தி நிறுவனங்கள் இதில் எவ்வளவு உஷார் என்பதற்கு, 2025 மே மாதம் ஏஎன்ஐ நிறுவனத்துக்கும் யூடியூபர்களுக்கும் நடந்த மோதலே சாட்சி. சில விநாடிக் காட்சிக்குக் காப்பிரைட் ஸ்டிரைக் கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கேட்கிறார்கள் என்பது யூடியூபர்களின் புகார். எங்கள் சொத்தைப் பாதுகாக்கிறோம் என்பது ஏஎன்ஐ நிலைப்பாடு. அந்த முறை சரியா என்ற விவாதம் இருக்கட்டும். ஃபுட்டேஜ் என்பது விற்கக்கூடிய சரக்கு என்ற புரிதலில் அவர்கள் பல படி முன்னால் இருக்கிறார்கள்.

2,500 ரூபாயில் எவ்வளவு மிச்சம்?

ஒரு உதாரணக் கணக்கு. 1,20,000 ரூபாய்க்குக் கேமரா, லென்ஸ், மைக் வாங்கிய ஒருவர், மூன்று வருஷம், வருஷத்துக்கு 100 நாள் ஷூட் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் தேய்மானம் மட்டும் நாளுக்கு 400 ரூபாய். பெட்ரோல், சாப்பாடு 500. ஷூட்டுக்கு 2,500 வாங்கினால் மிச்சம் 1,600. எடிட் செய்ய இன்னொரு நாள் ஆகும் இல்லையா? அப்போ ஒரு நாளுக்கு 800. லேப்டாப், ஹார்டு டிஸ்க், இன்டர்நெட் எதுவும் இதில் சேரவில்லை. “நம்ம பையன்தானே, கொஞ்சம் பார்த்துப் போடு” என்று 500 குறைத்தால் 550-தான். உள்ளூர் கொத்தனார் இந்தக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பார்.

சரி, அந்தக் காசாவது நேரத்துக்கு வருமா என்பது அடுத்த கவலை. இங்கே பலருக்குத் தெரியாத ஓர் ஆயுதம் இருக்கிறது: உத்யம் பதிவு. ஆதார் எண்ணை வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம். சேவைத் தொழில்களுக்கும் பொருந்தும். பதிவு செய்த குறு, சிறு தொழில் என்றால், வேலையை வாங்கிய நிறுவனம் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் காசு தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆன்லைனிலேயே புகார் போடலாம். புகார் போட்டால் அடுத்த வேலை தருவார்களா என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் இன்வாய்ஸின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புவதே அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

வரியைப் பற்றியும் தேவையில்லாத பயம் உண்டு. சேவை தருபவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. கம்பெனிகள் பிடித்தம் செய்யும் டிடிஎஸ், வரி வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவருக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாதவர்கள் அந்தக் காசை அரசுக்கே விட்டுக்கொடுக்கிறார்கள்.

படம் எடுத்தவர்கள் நிலை?

முழுநீளப் படம் எடுத்த சுயாதீன இயக்குநர்களுக்கு விருது கிடைத்தாலும் கடை கிடைக்கத் தாமதமாகிறது. செழியனின் ‘டு லெட்’ 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்ட பிறகும், தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான். பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது, அந்த வருஷம் ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. ரசிகர்கள் அதை சோனி லிவ்வில் பார்க்க 2023 அக்டோபர் ஆனது. அதற்குப் பின்னால் நயன்தாரா, விக்னேஷ் சிவனின் நிறுவனம் இருந்தும் இவ்வளவு காலம். அப்படி யாரும் இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ஐரோப்பாவில் 1988-லிருந்து ‘ஈவ்’ என்ற அமைப்பு சுயாதீனத் தயாரிப்பாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. படம் எடுப்பது எப்படி என்பதல்ல அதன் பாடம். நிதி திரட்டுவது, கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் போடுவது, விற்பது இவைதான். இந்தியாவில் அதற்கு நெருக்கமானது என்எஃப்டிசி 2007-லிருந்து கோவாவில் நடத்தும் ஃபிலிம் பஜார். ஒவ்வொரு நவம்பரிலும் கோவா திரைப்பட விழாவை ஒட்டி நடக்கும். கதையை எப்படி பிட்ச் செய்வது, சேல்ஸ் ஏஜென்ட்டிடம் எதைக் கேட்பது என்பதெல்லாம் அங்கே பழக்கமாகும். நல்ல இடம்தான். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். பதிவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு எல்லாம் கையிலிருந்து. சேத்தியாத்தோப்பில் கேமரா வைத்திருப்பவருக்கு அது வேறொரு கிரகம்.

அவருக்குத் தேவைப்படுவது அவ்வளவு பெரிசு இல்லை. தமிழில் எழுதிய ஒரு பக்க உரிம ஒப்பந்தம், ஒரு கொட்டேஷன் மாதிரி, ஓர் இன்வாய்ஸ் மாதிரி. ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆடிட்டரும் மாவட்டத் தலைநகரில் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் முடியும் வேலை. விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு நடத்தும் கல்லூரிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. லைட்டிங்குக்கு ஒரு செமஸ்டர் கொடுப்பவர்கள், இன்வாய்ஸுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். அரசின் ‘நான் முதல்வன்’ திறன் திட்டத்தில் இதைச் சேர்ப்பதும் நடக்காத காரியம் இல்லை.

திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். வளையமாதேவி வயலில் 2023-இல் எடுத்து வெளியிட்ட வீடியோக்களுக்கு அது 2083 டிசம்பர் 31 வரை ஓடும்.