பென்னிகுவிக்குக்கு மட்டும்தான் போட்டோவா?

கூடலூரில் பஸ் ஏறி தேனியில் இறங்குவதற்குள் எத்தனை பென்னிகுவிக் கண்ணில் படுகிறார் என்று எண்ண ஆரம்பித்தால் விரல் பத்தாது. டீக்கடை, உரக்கடை, மெடிக்கல் ஷாப், ஆட்டோ முதுகு, கல்யாண ஃப்ளெக்ஸில் மணமக்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம்... எல்லா இடத்திலும் அதே மீசை, அதே படம். மனுஷன் மேல் ஒரு குறையும் இல்லை. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்காமல் இருந்திருந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பம் பஞ்சம் பிழைக்கப் போயிருக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துக் கும்பிடட்டும், தப்பே இல்லை.

கேள்வி அது இல்லை. அந்த அணைக்குக் கல் சுமந்தவன் முகம் எங்கே? சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கொட்டியவர்கள், மலைக்காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனவர்கள்... இவர்களில் ஒருத்தர் படமாவது எந்தக் கடையிலாவது தொங்குகிறதா? சரி, அது 130 வருஷத்துக்கு முந்தின கதை, காமிரா வெள்ளைக்காரன் கையில் இருந்தது, விட்டுவிடலாம். 1965க்கு வருவோம். ராயப்பன்பட்டித் தெரு அப்போது எப்படி இருந்தது? எந்த வீடு கூரை, எந்த வீடு ஓடு, எந்த வீடு மச்சு? கமலை கட்டி இறைத்த கிணறு எது? இன்றைக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல் நிற்கிற இடத்தில் அப்போது என்ன விளைந்தது? காட்டுங்கள் என்று கேட்டால், "அப்பல்லாம் யாருப்பா போட்டோ எடுத்தா" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. எடுத்தார்கள். எடுத்ததை வைத்திருக்கத்தான் ஆள் இல்லை.

எங்கெல்லாம் எடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசித்தாலே வரிசையாக வரும். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் குரூப் போட்டோ, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்த பையன் கையில் வகுப்பும் வருஷமும் எழுதின சிலேட்டு. பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5 திருவிழா, சப்பரம், புது நன்மை, கல்யாணம். பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் ஸ்டுடியோவில் கண்ணாடி முன் நிற்கவைத்து பூ ஜடை பின்னால் தெரிகிற மாதிரி ஒன்று. பட்டாளத்துக்குப் போகிறவன் கிளம்புகிறதற்கு முந்தின நாள் ஒன்று. பெரியவர் செத்தால் நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று ஒன்று. இந்தக் கடைசி வகைப் படத்தில் பிணத்தைப் பார்க்காதீர்கள். பின்னால் இருக்கிற திண்ணையைப் பாருங்கள், தூணைப் பாருங்கள், வாசலில் சாத்தி வைத்திருக்கிற ஏரைப் பாருங்கள், காதில் தண்டட்டி போட்ட கிழவியைப் பாருங்கள். யாரும் அந்த வீட்டைப் படம் எடுக்கணும் என்று நினைத்து எடுக்கவில்லை. ஆனால் இடித்துப்போட்ட அந்த வீட்டுக்கு மிஞ்சின ஒரே சாட்சி அதுதான்.

அந்தச் சாட்சி எங்கே போகிறது? பழைய வீட்டை இடித்து காங்கிரீட் போடும்போது நிலை, கதவு, உத்தரம் எல்லாம் விலை பேசி விற்கப்படுகிறது. ஒரு ஆணி விடமாட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த சட்டங்கள் மட்டும் சாக்கில் போட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போகும். அங்கே கரையானுக்குப் பாதி, மழைத் தண்ணீருக்குப் பாதி. கண்ணாடி மட்டும் நன்றாக இருந்தால் கழற்றி வேறு சாமி படத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ஸ்டுடியோக்கள் கதை இன்னும் மோசம். தமிழ்நாடு முழுக்க பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிக் கண்ணாடியாக விற்றிருக்கிறார்கள், ஃபிலிம் நெகட்டிவ்களை வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். முதலாளியைக் குற்றம் சொல்லவும் முடியாது. டிஜிட்டல் வந்து தொழில் படுத்த பிறகு கடை வாடகை கட்டணுமே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் பண உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய் மிஞ்சியதை ஸ்கேன் செய்தது. தமிழன் முகத்தைக் காப்பாற்ற லண்டனில் இருந்து பணம் வரவேண்டியிருக்கிறது!

உடனே, "வெள்ளைக்காரன் வசதியானவன், அவன் செய்வான்" என்று ஒரு பதில் வரும். இந்தப் பதிலுக்காகவே ஒரு ஊரைச் சொல்லவேண்டும். பென்னிகுவிக் கடைசிக் காலத்தில் வாழ்ந்த காம்பர்லி. இங்கிலாந்தில் சர்ரே என்கிற கவுண்டியில் இருக்கிறது (கவுண்டி என்றால் இங்கே ஒரு மாவட்டம் மாதிரி). 1911ல் அவர் இறந்தார். 2022 செப்டம்பரில் தமிழக அரசு அங்கே அவருக்குச் சிலை வைத்தது, தேனி மாவட்டமே பெருமைப்பட்டது. அதே சர்ரேயில் 1902லேயே ஒரு வேலை ஆரம்பித்திருந்தார்கள். கவுண்டி முழுக்க இருக்கிற பழைய கட்டடங்கள், ஊர்கள், ஜனங்களின் வாழ்க்கை எல்லாவற்றையும் படம் எடுத்து, நிறம் மங்காத முறையில் பிரிண்ட் போட்டு, சேர்த்து வைப்பது என்று. அதைச் செய்தது அரசாங்கம் கிடையாது. காமிரா வைத்திருந்த சாதாரண உறுப்பினர்கள். அதற்கும் முன்னால் 1890ல் வார்விக்‌ஷயர் கவுண்டியில் பர்மிங்ஹாம் போட்டோ சங்கத்துக்காரர்கள் இதையே தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஸ்டோன் 1897ல் நாடு முழுக்கவே செய்யலாம் என்று ஒரு சங்கம் வைத்தார். 2005ல் இருந்து இன்னொரு கூட்டம், பிரிட்டன், அயர்லாந்து வரைபடத்தைச் சதுர கிலோமீட்டராகப் பிரித்து ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு படமாவது என்று இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதில் அரண்மனையும் இருக்கிறது, மாட்டுக் கொட்டகையும் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பும் இருக்கிறது.

அவர்கள் ஒன்றும் மகாத்மாக்கள் இல்லை. அந்தக் காலத்து சர்வேக்காரர்களுக்கு சர்ச்சும் பழைய பங்களாவும் தெரிந்த அளவுக்கு ஆலைத் தொழிலாளி வீடு தெரியவில்லை. இந்தியாவுக்கு வந்தபோது இன்னும் மோசம். மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1856ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858ல் மதுரையைப் படம் எடுத்தார். மெழுகுத்தாள் நெகட்டிவ், ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் பிடிக்கும், அசைகிற மனுஷன் பதியமாட்டான். அதனால் ஜனம் நெரிகிற மதுரை அவர் படங்களில் ஆளே இல்லாத ஊராக இருக்கிறது. ஆனாலும் திருமலை நாயக்கர் மஹால் பழுது பார்க்கப்படுவதற்கு முன் என்ன கோலத்தில் நின்றது என்று தெரிவதற்கு அந்தப் படங்களை விட்டால் கதி கிடையாது. அந்த வேலையும் நிலைக்கவில்லை. 1859ல் கவர்னராக வந்த ட்ரெவிலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். (போட்டோ வெட்டிச் செலவு என்கிற புத்தி ஊர்ப் பெரிசுகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம்!)

கட்டடத்தில் ஆள் இல்லை என்றால், ஆள் இருக்கிற படத்தில் பெயர் இல்லை. மெட்ராஸ் மியூசியத்தில் இருந்த தர்ஸ்டன் கருவி வைத்துத் தலையை அளந்து, முகத்தைப் படம் எடுத்து, 1909ல் ஏழு தொகுதி போட்டார். அதில் நிற்கிறவர்களுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கிடையாது. இன்ன சாதி ஆண், இன்ன சாதி பெண், அவ்வளவுதான். பூச்சியை அட்டையில் குத்தி வைக்கிற மாதிரி. இந்த வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களிடம் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து கைரேகையைத்தான் எடுத்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது கட்டை விரல். முகத்தை வைத்து அது என்ன செய்யப் போகிறது?

இவ்வளவு தெரிந்த பிறகு ஊர் என்ன செய்திருக்கவேண்டும்? அவன் எடுக்காத படத்தை, அவன் எழுதாத பெயரை, சுதந்திரம் வந்த பிறகாவது சேர்த்திருக்கவேண்டும். என்ன நடந்தது? படம் என்றால் தலைவர், படம் என்றால் கோபுரம், படம் என்றால் திறப்பு விழா. ஊர்த் திருவிழா மலர்களைப் புரட்டினால் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் நன்கொடையாளர் முகம், ஒவ்வொன்றுக்கும் கீழே பட்டம் பதவியோடு பெயர். தேர் இழுக்கிற கூட்டத்துக்கு மட்டும் "பக்தர்கள் வெள்ளம்". தர்ஸ்டனைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மலரை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

இதில் காலனித் தெருவின் கதை தனி. காசு இருந்தவன் வீட்டில்தான் ஆல்பம் இருந்தது. எத்தனையோ பெரியவர்களுக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் போட்டோவே சேஷன் காலத்தில் வந்த வாக்காளர் அட்டையாக இருக்கும், அதுவும் அடையாளம் தெரியாத கறுப்பாக. ஆகவே பெரிய வீட்டுப் பரணை மட்டும் துழாவி "ராயப்பன்பட்டி அன்றும் இன்றும்" என்று ஒரு புத்தகம் போட்டால், ஊரில் பாதி இல்லாத ஊர்தான் அதில் வரும். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோதான் இங்கே கைகொடுக்கும். அதில் மட்டும்தான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிறார்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு சொன்னால் சட்டென்று புரியும். பேங்க் பாஸ்புக் ஒன்று சொல்லும், கடைக் கேஷ்புக் ஒன்று சொல்லும், இரண்டையும் ஒத்துப் பார்த்துச் சரிக்கட்ட ஒரு ஸ்டேட்மெண்ட் போடவேண்டும். ஊரிலும் அப்படித்தான் இரண்டு புத்தகம் இருக்கிறது. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டரிலும் பெயர், தகப்பன் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது, முகம் இல்லை. குரூப் போட்டோவில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் இணைக்கிற ஸ்டேட்மெண்ட் எங்கே இருக்கிறது? எழுபது எண்பது வயது ஆட்களின் தலைக்குள். மூணாவது வரிசையில் இடமிருந்து நாலாவது யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஆள் போனால் கணக்கு எப்போதைக்கும் டேலி ஆகாது.

"இப்பத்தான் எல்லார் கையிலும் செல் இருக்கே" என்பது அடுத்த சமாதானம். 2010 டிசம்பரோடு மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் நின்றது. 2023 ஜூனில்தான் அகல ரயில் போடிக்கு வந்தது. கடைசி நாட்களில் அந்தப் பழைய ரயிலை எத்தனையோ பேர் செல்லில் எடுத்திருப்பார்கள். அந்த செல் எங்கே, மெமரி கார்டு எங்கே? கரையான் தின்ன இருபது வருஷம் எடுத்ததை இது இரண்டு வருஷத்தில் முடித்துவிடும். தப்பித் தவறி நிலைத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றும், எவனோ ஒருவன் ஓரத்தில் தன் பெயரைப் பெரிதாக அடித்து, வருஷத்தையும் ஊரையும் வெட்டிவிட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து வயலைப் போட்டு "அந்தக் காலத்து கம்பம்" என்று அனுப்பினாலும் ஐநூறு பேர் கும்பிடு போடுவார்கள். தலைப்பு இல்லாத படம் பட்டா இல்லாத நிலம் மாதிரி, யார் வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. பழைய படம் என்றால் பழைய காலத்துப் படம் மட்டும்தானா? விடியுமுன்னே தூக்குவாளியோடு பொம்பளைகள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை ஏறி, கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். தினமும் நடக்கிறது, பள்ளத்தாக்கே பார்க்கிறது. ஜீப் கவிழ்ந்தால்தான் பேப்பரில் படம் வருகிறது. பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பழத்தைத்தான் எல்லாரும் படம் போட்டார்கள். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து கொத்து வெட்டுகிறவர் யார் என்று ஒரு படத்திலாவது பெயர் இருக்கிறதா?

இதற்குக் கோடிகள் வேண்டாம், ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் காசு போதும். மாதா திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்து சேர்கிறார்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், இரண்டு காலேஜ் பிள்ளைகள். காலனித் தெருவில் இன்னொரு மேசை, கட்டாயம். படத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம், அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம், அப்போதுதான் நம்பிக் கொண்டுவருவார்கள். ஃபோட்டோஷாப்பில் போட்டு வெள்ளையாக்கி, பின்னால் இருக்கிற கூரையை அழித்து நீல வானம் வைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று பக்கத்தில் இருக்கிற பெரியவரைக் கேட்டுப் படத்தின் பின்பக்கம் எழுதவேண்டும், பென்சிலில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு விழும்.